11 மாதம் தொடாதவர் மறுபடியும் குடிக்கிறார்… எல்லாம் வீணா?

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 44. சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். 20 வருடக் குடி. நகையை அடகு வைத்து, மருத்துவமனையில் மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை எடுத்திருக்கிறார். அதன் பிறகு 11 மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. எட்டாவது படிக்கும் மகள், மாதக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் டிக் போட்டு வந்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் மாமனார் இறந்துபோனார். 16ஆம் நாள் காரியம் முடிந்த இரவு, "இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணும் ஆகாது" என்று சொந்தக்காரர்கள் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் யாரோடும் பேசாமல், அந்தக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஆறு வாரமாக தினமும் குடி. காலையிலேயே ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் கை நடுங்கி லேத்தில் நிற்க முடிவதில்லை.

சகோதரி கேட்பவை இவை: செலவழித்த பணமும் பட்ட பாடும் வீண்தானா? ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் தொடாதவர் ஆயிற்றே, அப்படியானால் வேண்டுமென்றேதானே குடிக்கிறார். மறுபடி மாலை போட வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடலாமா? அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்து நல்லதா? வேனில் வந்து தூக்கிக்கொண்டுபோய் ஆறு மாதம் வைத்துக்கொள்ளும் இடம் ஒன்றை மைத்துனர் சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா? இரவில் "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், நான் இல்லீன்னா நீயும் புள்ளையும் நிம்மதியா இருப்பீங்க" என்கிறார், போதைப் பேச்சுதானே? மகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அது துரோகமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. 'இதையும் கேட்டுவிடுகிறேன்' என்பது போலக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அவர் இரவில் சொல்லும் அந்த வார்த்தை, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த ஒரு வாக்கியம்

குடித்துவிட்டு உளறுகிறார் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். போதையில் சொன்னதால் ஆபத்து குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும். தெளிவாக இருக்கும்போது 'சே, வேண்டாம்' என்று பின்வாங்க வைக்கிற ஏதோ ஒன்று மனசுக்குள் இருக்கிறது. மது முதலில் தளர்த்துவது அதைத்தான். அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தினமும் குடி, தலைக்கு மேல் கடன், மகள் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம். இத்தனையும் சேர்ந்த ஒருவர் இப்படிச் சொன்னால் நான் அதை அப்படியே நம்புவேன்.

காலையில் ஓரளவு தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகவே கேளுங்கள்: "ஏனுங்க, உசிரை விட்டுறலாம்னு நெனைப்பு வருதுங்களா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் இறங்கி அழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் பூச்சி மருந்து, எலி மருந்து, மிச்சம் இருக்கும் மாத்திரைகள் எதுவும் அவர் கைக்கு எட்டாதபடி இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பட்டறையிலும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் தனியாக விடாதீர்கள். 'எப்படி, எப்போது' என்று ஏதாவது திட்டம் வைத்திருப்பது தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் 108 அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416, 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

இது குடியால் வந்த சோர்வா, தனியான மனச்சோர்வு நோயா என்று கேட்டால், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குச் சோர்வு தானாகவே வடிந்துவிடும். வடியாவிட்டால் அதற்கும் தனியாகச் சிகிச்சை தர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து இன்னொன்றை விட்டால் இரண்டுமே திரும்ப வரும். அவரோ அப்பாவுக்காக உட்கார்ந்து அழக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கம் அப்படியே உள்ளே கிடக்கிறது.

வீட்டில் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூன்று வருடம் முன்பு அவராகவே நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. எனக்கு அது மிக முக்கியமான வரி. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறது. காலையிலேயே குடிக்கிறார் என்றால், நாளைக் காலைக்கு வேண்டும் என்று முந்தின இரவே வாங்கி வைக்கிறார். உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு மனக்குழப்பம் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சிக் காலத்தில் வார்டில் ஒரு தறிக்காரரைப் பார்த்தேன். குடியை நிறுத்தி மூன்றாம் நாள். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணுக்கு முன்னால் அறுந்து கிடக்கும் இழைகளை எடுத்து எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே தறியும் இல்லை, இழையும் இல்லை. விரல் மட்டும் அத்தனை துல்லியமாக வேலை செய்தது. பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க மந்திரித்துவிட்டுத்தான் குடும்பத்தார் கூட்டி வந்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எப்படியோ தெரியாது.

அதனால் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தும் யோசனை இப்போது வேண்டாம். மருத்துவரிடம் காட்டும் வரை, அதாவது இன்றோ நாளையோ, பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டவும் வேண்டாம். மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் அந்த மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சுடும்' என்று ஏற்றிக்கொண்டு வந்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வருடக்கணக்கில் குடித்தவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். 'இவர் தினமும் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்திருக்கிறது' என்று எந்த டாக்டரிடமும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

48 நாள் இருக்க முடிந்ததே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் வரும் பாதி மனைவிமார்கள் கேட்பது. ஆனால் மாலை போட்ட அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் குளியல், வேளைக்குச் சாப்பாடு, மாலையானால் பஜனை, சுற்றிலும் அதே விரதத்தில் இருக்கும் ஆட்கள். எதிரில் வருபவர் எல்லாம் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், கிளாஸை நீட்ட ஒருவருக்கும் துணிவு வராது. 48 நாள் அவரைத் தாங்கியது இது அத்தனையும். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இதெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. விரதத்துக்கு முடியும் தேதி என்று ஒன்று இருக்கிறது, நோய்க்கு அப்படித் தேதி இல்லை. அவர் வேண்டுமென்றே குடிக்கிறார் என்பதற்கு அந்த 48 நாளை நான் சான்றாக எடுக்கமாட்டேன். எது இருந்தால் அவரால் நிற்க முடியும் என்பதற்குத்தான் அது சான்று.

குடி திரும்பியது காரியத்தன்று அல்ல

11 மாதமும் நன்றாக இருந்தார், சொந்தக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே வேறு கதை சொல்கிறது. எட்டாவது மாதத்தில் 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஆர்டர் நெருக்கடி என்று ஞாயிற்றுக்கிழமை ஏஏ கூட்டத்துக்குப் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) போவதை விட்டார். அப்புறம் தூக்கம் கெட்டது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். பத்தாவது மாதம் பழைய நண்பர்களோடு 'டீ குடிக்கத்தான்' என்று கடைக்குப் பக்கத்து பேக்கரியில் உட்கார ஆரம்பித்தார். கிளாஸைக் கையில் எடுப்பது இந்த வரிசையில் கடைசிப் படி. அப்பா சாவு அவரைத் தள்ளியது உண்மை, ஆனால் அதற்குள் அவர் விளிம்புக்கு வந்திருந்தார். சொந்தக்காரர்களைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை எட்டாவது மாதத்திலேயே உங்களுக்கு மணி அடிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏஏ கூட்டத்தில் ஒன்று சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கில் எது வந்தாலும் உஷாராக இரு என்று. அவருக்கு அந்த மூன்று மாதமும் நான்குமே இருந்திருக்கிறது.

ஒரு நாள் சறுக்குவது வேறு, முழுக்கத் திரும்பி விழுவது வேறு. அன்று இரவு நடந்தது சறுக்கல். அதை ஆறு வாரக் குடியாக மாற்றியது எது என்று எனக்குக் காட்டியது உங்கள் பரண்தான். இந்தத் துறையில் பெரிய பெயர் பெற்ற அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் இதைத் தெளிவாக விளக்கினார். 'இனி தொடவே மாட்டேன்' என்று இருந்தவர் ஒரு கிளாஸ் குடித்ததும், 'எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்' என்று நினைக்கிறார். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் அடுத்த கிளாஸை எடுக்கிறார். 11 மாதப் பச்சை டிக்கைப் பார்க்க முடியாமல்தான் உங்கள் கணவர் காலண்டரைக் கழற்றினார். மறுநாள் காலை நீங்கள் "எல்லாத்தையும் மண்ணாக்கிட்டீங்களே" என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஆனால் அவரும் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீண் இல்லை, சகோதரி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை, போதைச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி பழக்கத்துக்குப் போவதாகச் சொன்னது. ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு நோய் திரும்ப முற்றுவதும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருக்கிறது என்றும் ஒப்பிட்டுக் காட்டியது. சர்க்கரைக்காரர் மாத்திரையை விட்டுச் சர்க்கரை ஏறினால், 'மாத்திரைக்குச் செலவு பண்ணியது வீண்' என்று யாரும் சொல்வதில்லை; மறுபடி மாத்திரையை ஆரம்பிக்கிறோம். ஏஏ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், குடியை நிறுத்திய சில வாரங்களில் ஒரு மாநாட்டுக்குப் போய் மறுபடி மூக்கு முட்டக் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதன் பிறகு அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் ஏஏ தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள், இப்போது அவர் கேட்க வேண்டிய கதை இது.

சாம்பாரில் கலக்கும் மருந்தும், வேனில் வரும் ஆட்களும்

'அவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கும்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையில் சிலர் கேட்டு வாங்குவது டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். சிலருக்கு உயிரே போயிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிடுபவருக்கு அது நல்ல மருந்துதான். தெரியாமல் கொடுத்தால் விஷம். என்றாவது ஒரு நாள் அவருக்குத் தெரிய வந்தால் நீங்கள் பரிமாறும் சோற்றையே நம்ப மாட்டார். ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இதில் ஒன்றைத்தான் அவர் எட்டாவது மாதம் நிறுத்தியிருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பட்டையின் படத்திலிருந்து தெரிகிறது.

வேனில் வரும் இடத்தைப் பற்றி நான் அழுத்தமாகவே சொல்கிறேன்: வேண்டாம். குடிநோயால் வரும் மனநலப் பிரச்சினைகளும் 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. ஒருவர் தானாக முடிவெடுக்க முடியாத நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று இருந்தால், குடும்பத்தின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதற்குப் பதிவு பெற்ற இடமாக இருக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம், மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியில் கட்டக்கூடாது, கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் நடந்ததால்தான் எழுத வேண்டி வந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில் முதல் மூன்று நாளில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று மைத்துனரிடம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதே சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். இன்னொரு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

நீங்களும் மகளும்

அம்மா வீட்டுக்குப் போவது துரோகம் இல்லை. போன வாரம் அவர் தள்ளிவிட்டதில் உங்கள் முழங்கை பெயர்ந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகர முடியாது. நோய் அவருடைய குடியை விளக்கலாம், அடிப்பதற்கு அனுமதி தராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி உங்களுக்குப் பாதுகாப்பும் உண்டு, அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் உண்டு. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். ஆனால் இந்த வாரம் அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். உயிரை விடும் பேச்சு பேசுகிறவர் அவர். அவருடைய அண்ணனைக் கூப்பிட்டு வீட்டில் தங்கச் சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் போங்கள். மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், 'பாப்பா பயப்படுறா, நீங்க ஆஸ்பத்திரியில சேர்ந்ததும் நான் கூடவே இருப்பேன்' என்று நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போன் செய்து 'அவருக்குக் காய்ச்சல்' என்று சொல்வதையும், கடையில் நிற்கும் பாக்கியை அடைப்பதையும் நிறுத்துங்கள். குடும்ப மானம் என்று செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் குடியால் வரும் அடி அவர் மேல் விழாமல் நடுவில் நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பின் கூட்டங்கள் நடக்கின்றன. ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள், பேச வேண்டும் என்றுகூட இல்லை.

மகள் "நான் டிக் போட்டது அப்பாவுக்குக் கோபமா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே பதில் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு நோய் திரும்பி வந்திருக்கிறது, அது உன்னால் வரவில்லை, உன்னால் அதைக் குணப்படுத்தவும் முடியாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு இது மூன்று தடவையாவது காதில் விழ வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டை, ஒரு சேலை, ஒரு வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பரணிலிருந்து அந்தக் காலண்டரையும் இறக்கித் தூசி தட்டி எடுத்துப் போங்கள். எந்த மாதம் மாத்திரை நின்றது, எந்த வாரம் தூக்கம் கெட்டது என்று டாக்டர் கேட்கும்போது மூன்று பேருமாக அதைப் பார்த்தே சொல்லலாம்.